சினைமாடு இருக்கும்வரை

என் வீட்டுக்காரர் மாடுகளை அதட்டுகிற சத்தம் காதில் விழுந்தால்தான் எனக்கு அடுப்படியில் கை ஓடும். "ஏய்... இங்கிட்டு வா... அங்க என்னத்தப் புடுங்குற" என்று அவர் செம்பனைக் காட்டுக்குள் போடுகிற கூச்சல் வீடு வரை வரும். அது வந்துகொண்டே இருந்தால் குழம்பு ஒழுங்காக அமையும். நின்றுவிட்டால் கரண்டியை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவிடுவேன். அங்கே நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். மறுபடியும் ஒரு அதட்டல் வந்த பிறகுதான் உள்ளே திரும்புவேன், அதற்குள் பருப்பு அடிப்பிடித்திருக்கும். நான் இப்படி அடிப்பிடிக்க விட்ட பருப்பையெல்லாம் சேர்த்திருந்தால் ஒரு கல்யாணத்துக்குச் சாம்பார் வைத்திருக்கலாம்.

நாங்கள் இருந்தது ஈப்போவுக்குப் பக்கம், சிம்பாங் பூலாயிலிருந்து உள்ளே தள்ளி, சுண்ணாம்பு மலைக்குக் கீழே. முன்பு ரப்பர் தோட்டம். ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்டார்கள், தோட்டத்து ஆட்கள் இருந்த லயன் வீடுகளை இடித்தார்கள், சனங்கள் ஈப்போவுக்கும் லகாட்டுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். நாங்கள் மட்டும் மாடுகளோடு ஓரத்தில் ஒட்டிக்கொண்டோம். செம்பனைக்கு அடியில் முளைக்கிற புல்லை மாடு மேய்ந்தால் மருந்தடிக்கிற வேலை மிச்சம் என்று தோட்டத்து நிர்வாகம் கண்டும் காணாமல் விட்டிருந்தது. ஒரு காலத்தில் முப்பதுக்கு மேல் மாடுகள் நின்ற கொட்டகை அது. கடைசியில் பத்துப் பன்னிரண்டுதான். ஆண் கன்றுகளையெல்லாம் எங்கே அனுப்பினீர்கள் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

பொழுது விடிவதற்குள் இரண்டு பேரும் கறந்துவிடுவோம். அவர் மோட்டார் சைக்கிளில் பாலைக் கட்டிக்கொண்டு ஈப்போவுக்குப் போவார். கோயிலுக்கு, இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்கு, அப்புறம் சில வீடுகளுக்கு. திரும்பி வரும்போது சோயாப் பாலில் தவ்ஹூக் கட்டி செய்கிற சீனர் பட்டறையிலிருந்து மாட்டுத் தீவனத்துக்குச் சோயாச் சக்கை மூட்டை வரும். அதற்குள் நான் சாணி அள்ளிக் கொட்டகையைக் கழுவிவிடுவேன். பிறகு மாடுகளை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு செம்பனைக்குள் போவார். மத்தியான வாக்கில் மலையில் கல்லுடைக்க வெடி வைப்பார்கள். வெடித்ததும் அத்தனை மாடும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் மேயும். நான் மட்டும் தூக்கின தலையை இறக்கமாட்டேன். வாசலில் நின்றுகொண்டே இருப்பேன்.

எனக்கு இந்த வியாதி பிறவியில் வந்ததில்லை. அவர் விழுந்த நாளிலிருந்து வந்தது.

சில வருஷத்துக்கு முன்பு மழைக்காலத்தில் ஒரு நாள் மாடுகளை ஓட்டிப்போனவர் சாப்பாட்டு நேரத்துக்கு வரவில்லை. மாடுகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து தொட்டியில் வாய் வைத்தன. நான் குடையைக்கூட எடுக்காமல் ஓடினேன். கால்வாய் ஓரத்தில், வெட்டிப்போட்ட செம்பனை மட்டைகளுக்கு நடுவே கிடந்தார். முகத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. கண் திறந்திருந்தது. அந்த ஒரு கணத்தில் நான் என்ன நினைத்தேனோ அதை எழுத மாட்டேன். கிட்டப் போனதும், "எங்க போயிட்ட? எவ்ளோ நேரமா கத்துறேன்" என்று என்னைத் திட்டினார். அவர் திட்டி நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது என் ஆயுசில் அன்றைக்குத்தான்.

செவலச்சி எட்டி உதைத்துவிட்டது என்றார். செவலச்சி எங்கள் செவலைப் பசு. கொட்டகையிலேயே அதிகம் கறந்தது, சாதுவும் அதுதான். ஆனால் மாட்டை நம்ப முடியுமா? அன்றைக்கே ஒற்றைக் காலில் நின்றேன், அது போகட்டும் என்று. அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாட்டுக்காகச் சொந்தத் தம்பியோடு பேச்சை முறித்த மனுஷன், அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு, "சரி, உன் இஷ்டம்" என்றார். தைப்பிங் பக்கம் பால்மாடு வைத்திருந்த தெரிந்த ஆள் ஒருவர் புதுக் கயிறோடு வந்தார். விற்கிற மாட்டைத் தன் வீட்டுக் கயிற்றோடு அனுப்பக்கூடாது என்பது எங்கள் வழக்கம். எங்கள் கயிற்றை அவிழ்த்துவிட்டு அவர் கயிற்றைக் கட்டினோம். செவலச்சி லாரியில் ஏற மாட்டேன் என்று நின்றது. என் வீட்டுக்காரர் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே குறிதான். இவரை இந்தக் காட்டிலிருந்து கிளப்ப வேண்டும். அடுத்த முறை விழுந்தால் நான் போய்ச் சேருவதற்குள் என்ன ஆகுமோ என்கிற பயம் என்னைத் தின்றுகொண்டிருந்தது. ஈப்போவில் எங்கள் மகள் வீட்டில் கீழ் அறை எங்களுக்கென்றே காலியாக இருந்தது. படுக்கை விரிப்புகூடப் போட்டுவைத்திருந்தாள். தினமும் போன் செய்வாள்.

"ம்மா, எப்பதாம்மா வாரீங்க? ரூம்ல தூசி படியுது லா."

"உங்கப்பாகிட்ட கேளு."

போனை அவரிடம் கொடுப்பேன். அவர் சொல்கிற பதில் எனக்கு மனப்பாடம். "ஒண்ணு சினையா இருக்கும்மா. ஈனட்டும், வாரோம்."

சினையாக ஒரு மாடு நிற்கும்போது அதை விற்கக்கூடாது, வீட்டைப் பூட்டிக்கொண்டு குடிமாறவும் கூடாது. இது அவர் அப்பா காலத்திலிருந்து அவர்கள் வீட்டில் எழுதாத சட்டம். நானும் மீறச் சொல்ல மாட்டேன். வாயில்லா ஜீவன், வயிற்றில் ஒன்றைச் சுமந்துகொண்டு நிற்கிறதை வேற்றாள் கையில் பிடித்துக் கொடுத்தால் நன்றாகவா இருக்கும்? சரி, ஈனட்டும் என்று பொறுப்பேன். ஈனும். சீம்பால் காய்ச்சி நாலு பேருக்குக் கொடுப்போம். கன்று துள்ளுகிற வரை பொறு என்பார். துள்ளும். அப்போது பார்த்தால் இன்னொன்று சினையாக நிற்கும்.

முதலில் மாடுகளின் ராசி என்றுதான் நினைத்தேன். பிறகுதான் ஒரு நாள், சினை ஊசி போடுகிறவர் எங்கள் வாசலில் மோட்டாரை நிறுத்திவிட்டு, "அண்ணே இல்லியாக்கா? வரச் சொன்னாரே. இந்தத் தடவ எத?" என்று கேட்டார். ஒன்று ஈனுவதற்கு முன்பே அடுத்ததுக்கு ஏற்பாடு செய்து, வரிசை அறுந்துபோகாமல் மனுஷன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பிள்ளை பெறுவது மாடுகள், பிடிவாதம் இவருடையது.

அன்று சாயங்காலம் அவரை நான் வாங்கு வாங்கென்று வாங்கினேன். "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறீங்களா? எத்தன வருசத்துக்கு இப்படி வரிசை கட்டுறதா உத்தேசம்?"

அவர் மாட்டின் காதில் உண்ணி பிடுங்கிக்கொண்டே, "அதுங்களுக்குப் பருவம் வருதுலா. நான் என்ன செய்ய" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் காட்டவில்லை. காட்டியிருந்தால் இன்னும் இரண்டு மாட்டுக்கு ஊசி போட்டிருப்பார்.

கடைசியாகச் சினைக்கு நின்றது எங்கள் வெள்ளைப் பசு வெள்ளச்சி. மற்றவையெல்லாம் ஈன்று முடித்திருந்தன, சில கறவை வற்றியும் போயிருந்தன. வெள்ளச்சிக்கு ஊசி போட்டு மாதங்கள் ஓடின. நிறைசினை நெருங்குகிறது என்று மகளிடம் போனில் சொன்னார். இது ஒன்றுதான், இதற்கப்புறம் கிடையாது என்று என் தலையில் அடித்துச் சத்தியமும் செய்தார். நான் பானைகளைக் கட்டிவைக்க ஆரம்பித்தேன். சமைக்க வேண்டுமே என்று கட்டினதை மறுநாள் பிரித்தேன். பிரித்ததை மறுபடி கட்டினேன். இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் வாசல் வரை போகத் தோன்றும். கல்லுடைக்கிற இடத்து லாரி போகிற சத்தம்கூட ஒப்பாரி மாதிரி கேட்டது.

இந்த நிலைமையில் ஒரு நாள் வெள்ளச்சி கத்தியது. விடிந்ததிலிருந்து விட்டுவிட்டுக் கத்தல், மேய்ச்சலில் மனமில்லை, பக்கத்து மாட்டின் மேல் தாவப் பார்த்தது. மாடு வைத்திருக்கிற எவரும் சொல்லிவிடுவார்கள், அது காளைக்குக் கத்துகிறது. சினையாக இருக்கிற மாடு எதற்குக் காளையைத் தேடப்போகிறது?

"வெள்ளச்சி கத்துதே" என்றேன்.

"மலையில வெடி வச்சான்ல, பயந்துடுச்சு" என்றார்.

வெடி வைத்தது அதற்குப் பிறகு. நான் உள்ளே வந்துவிட்டேன். ஆகா, இந்த முறை வெறும் வயிற்றையே சினை என்று சாதிக்கிற அளவுக்குத் துணிந்துவிட்டார் என்று நினைத்தேன். மடியும் இறங்கவில்லை, வயிறும் சரியவில்லை. எத்தனை நாளைக்கு ஓட்டுவார், பார்த்துவிடலாம் என்று காத்திருந்தேன். கையும் களவுமாகப் பிடித்து, மகள் முன்னால் நிறுத்தி, அன்றைக்கே மூட்டையைக் கட்ட வைக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு வைராக்கியம்.

பிடித்த நாள் வந்தது. முந்தின இரவு மழை பெய்து, காலையில் நல்ல குளிர். வெள்ளச்சி தொட்டியில் குளிர்ந்த தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. குளிர்ந்த தண்ணீர் உள்ளே போனால் வயிற்றுக் கன்று புரளும். சினை பார்ப்பதற்கு அதுதான் நேரம். அவர் மாட்டின் வலது விலாவுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் அப்படி ஒரு களை.

"இந்தா, இங்க வாயேன். ஓடுது பாரு."

போனேன். அவர் கைக்குப் பக்கத்திலேயே என் கையை வைத்தேன். மாடு தண்ணீரை உறிஞ்சி விழுங்குவது தெரிந்தது. மூச்சு தெரிந்தது. வேறு ஒன்றும் இல்லை. கையை மாற்றி வைத்தேன், அழுத்திப் பார்த்தேன். வெறும் வயிறு.

"தெரியுதா?" என்றார்.

வாயைத் திறக்கப்போனேன். எல்லாம் தயாராக வைத்திருந்தேன், இத்தனை நாள் கூர் தீட்டின வார்த்தைகள். அவர் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. அந்த முகத்தில் கள்ளம் இல்லை. இவர் பொய் சொன்னால் இடது கண் சுருங்கும், நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன். அன்று சுருங்கவில்லை. உண்மையாகவே அங்கே ஒரு கன்று ஓடுகிறது என்று நம்பிக்கொண்டு நின்றார். எந்த மாட்டுக்கு எத்தனை மாதம் என்று தொட்டுச் சொல்கிற மனுஷன். சுற்றுவட்டாரத்தில் மாடு வைத்திருந்தவர்களெல்லாம் ஒரு காலத்தில் இவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள்.

கொதிக்கிற தேத்தண்ணி டம்ளரைத் துணியில்லாமல் அவர் பிடிப்பது ஞாபகம் வந்தது. காய்ப்பு ஏறின கை, அதனால்தான் சுடவில்லை என்று நினைத்திருந்தேன். சட்டைப் பொத்தானைப் போட என்னைக் கூப்பிடுவது ஞாபகம் வந்தது. வயசான காலத்தில் கொஞ்சல் வந்துவிட்டது என்று கேலி செய்திருந்தேன்.

"என்னங்க, இதுல ஒண்ணுமில்ல" என்றேன்.

"இருக்குலா. சரியா வச்சுப் பாரு."

"இல்லங்க. வெறும் வயிறு. உங்க கைக்கு என்ன ஆச்சு?"

அவர் கையை மாட்டிலிருந்து எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார், யாரோ இரவல் கொடுத்த சாமானைப் பார்ப்பதுபோல. "கொஞ்ச நாளா அப்படித்தான்" என்றார். "மரத்த மாதிரி இருக்கு. ஆனா இது தெரிஞ்சதே. ஓடின மாதிரிதான் இருந்துச்சு."

அவருக்கு இனிப்பு நீர், அதுதான் சர்க்கரை வியாதி, இருப்பது ஊருக்கே தெரியும். மாத்திரை போடுகிறார், கிளினிக்குக்குப் போகிறார், நர்ஸ் சொல்வதற்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டு வந்து தேத்தண்ணியில் சீனி போட்டுக் குடிக்கிறார். கையை மரக்கவைத்த வியாதி காலை விட்டிருக்குமா?

"கால்?" என்று கேட்டேன்.

அவர் வெள்ளச்சியின் முதுகைத் தடவ ஆரம்பித்தார்.

கவிழ்த்து வைத்திருந்த வாளியில் அவரை உட்காரவைத்து, முழங்கால் வரை வருகிற ரப்பர் சப்பாத்தை இழுத்துக் கழற்றினேன். வலது கால் வந்தபோதே வாடை அடித்தது. காலுறை நனைந்து ஒட்டியிருந்தது. குதிகாலுக்குப் பக்கத்தில் வீங்கிச் சிவந்து, நடுவே கருப்பாக ஒரு முனை. செம்பனை முள். சப்பாத்தின் அடியைக் குத்திக்கொண்டு ஏறி, உள்ளேயே ஒடிந்திருக்கிறது. எத்தனை நாளாக அதன் மேலேயே நடந்தாரோ. செம்பனை முள் ஏறினால் வாட்டசாட்டமான ஆட்களே ஐயோ அம்மா என்று உட்கார்ந்துவிடுவார்கள். இவர் அதை மிதித்துக்கொண்டு பால் கொண்டுபோயிருக்கிறார், மாடு மேய்த்திருக்கிறார், என்னோடு சண்டையும் போட்டிருக்கிறார்.

"இது குத்தினது உங்களுக்குத் தெரியலியா?"

"தெரிஞ்சா எடுத்திருக்க மாட்டேனா" என்றார். பிறகு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். "அன்னிக்கு மழையில விழுந்தேன்ல. செவலச்சி உதைக்கல. அது பக்கத்துலயே இல்ல. கால் எங்க வச்சேன்னு எனக்கே தெரியல. அதான் விழுந்துட்டேன்."

"அப்ப எதுக்கு மாடு உதைச்சுச்சுன்னு சொன்னீங்க?"

"காலு போச்சுன்னா நீ மறுநாளே கெளப்பிட்டுப் போயிருவ. மாடுன்னு சொன்னா அந்த மாட்டோட போயிரும்னு நெனச்சேன்."

அந்த மழையில் அவர் கண் சுருங்கினதை நான் பார்க்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அந்தச் சாதுவான ஜீவனை, கயிறு மாற்றி, லாரியில் ஏற்றி அனுப்பினது நான். கொட்டகைக்குப் பின்னால் போய் அவர் நின்றதற்கு அர்த்தம் அன்றைக்குத்தான் விளங்கியது. எனக்கு ஆத்திரம் வந்தது. அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் சுடவைத்தேன். விரலை விட்டுச் சூடு பார்த்தேன். இனிமேல் இவருக்கு எல்லாச் சூட்டையும் நான்தான் பார்க்க வேண்டும்.

அன்றைக்கே மகள் காரோடு வந்து கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கால் தப்பியது. இன்னும் சில நாள் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னார். மாடுகளெல்லாம் அதே தைப்பிங்காரரிடம் போயின. செவலச்சி நன்றாக இருக்கிறதா, கறக்கிறதா என்று இவர் போனில் விசாரித்தார். அங்கேயும் அதுதான் அதிகம் கறக்கிறதாம். மகள் வீட்டுக் கீழ் அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுதும்போதே இரண்டு தடவை எழுந்துபோய் அவரைப் பார்த்துவிட்டு வந்தேன். ஆனால் இதெல்லாம் பிற்பாடு நடந்தது. என் மனசு போய்ப் போய் நிற்பது அந்தக் காலை நேரத்தில்தான்.

மகளுக்குப் போன் செய்துவிட்டு, சுடுதண்ணீரோடு வந்து அவர் காலை என் மடியில் வைத்துக்கொண்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாலிக் கொடியில் கோத்திருந்த ஊக்கை எடுத்து நெருப்பில் காட்டினேன். முள்ளோடு இவர் இன்னொரு அடிகூட வைக்கக்கூடாது என்பதுதான் என் புத்தியில் இருந்தது. அவர் முகத்தை மாடுகள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"போலாமா?" என்றேன்.

"போலாம்" என்றார். "இனிமே எது சினை, எது சினையில்லன்னு எனக்குத்தான் தெரியாதே. எத வச்சு உன்னை ஏமாத்த?"

இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியிருப்பேன். கிடைத்தது. கிடைத்ததும் துளிக்கூட இனிக்கவில்லை.

ஊக்கால் மேல்தோலைக் கீறினேன். அவர் அசையவில்லை. கொஞ்சம் அழுத்தி நெம்பினேன். வேண்டுமென்றேதான் அழுத்தினேன், உண்மையைச் சொல்கிறேன். ஒரு தடவை காலை உதறி, "ஏய், கொல்லுறியா?" என்று என்னை அதட்டமாட்டாரா என்று இருந்தது. கால் என் மடியில் கட்டைபோலக் கிடந்தது. முள்ளின் நுனி தெரிந்ததும் நகத்தால் பிடித்து இழுத்தேன். அரை விரல் நீளம், முழுசாக வந்துவிட்டது. சீழும் ரத்தமும் வழிந்தன. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கண் மறைத்துவிட்டது. சத்தம் வராமல்தான் அழுதேன், ஆனாலும் மூக்கை உறிஞ்சினது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

அப்போது என் கை அவர் காலில் இல்லை. முள்ளும் வெளியே வந்தாகிவிட்டது.

அவர் திரும்பாமலே, பல்லைக் கடிப்பதுபோல, "ஸ்ஸ்... மெதுவாலா. வலிக்குது" என்றார்.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றேன். "இப்ப வந்துரும்."